எண்ணெய் பிடித்த முற்றம்

பாறையடித் தவச்சாலையின் முற்றத்துக்குப் பாதுகாப்புப் பூச்சு அடிப்பது என்று முடிவான அன்று, மருதவாணர் தம் குருவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முற்றம் முழுவதுமா, அம்மா?"

"முழுவதும்தான், ஐயா."

குரு அம்பலவல்லி அம்மையார் சீடரை 'ஐயா' என்று அழைப்பது அங்கே யாருக்கும் வியப்பில்லை. அம்மையார் அவரைவிட வயதில் மிக இளையவர். தவச்சாலைக்கும் அவருக்கு வெகுகாலம் பின்னால் வந்தவர். சமையற்கட்டில் உலை வைக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். முன்பு குருவாக இருந்த பாறையடிச் சாமிகள் கண்மூடுவதற்கு முன், தமக்குப் பின் யார் என்று கேட்டவர்களுக்குக் கைகாட்டியது அந்த அம்மையாரைத்தான். கூடியிருந்தவர்களில் முதலில் எழுந்து அம்மையாரை வணங்கியவர் மருதவாணர். வணங்கி எழும்போது முழங்கால் வலித்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஊத்தங்கரைக்கு மேற்கே, ஒற்றைப் பாறைக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் அமைந்தது அந்தத் தவச்சாலை. ஒரு பக்கம் சமையற்கட்டு, எதிர்ப்பக்கம் தியானக் கூடம், இரண்டுக்கும் நடுவே அகன்ற கான்கிரீட் முற்றம். பௌர்ணமிதோறும் ஊரார் வரிசையாக அமர்ந்து உண்பதும், மற்ற நாட்களில் மிளகாய் காய்வதும் அந்த முற்றத்தில்தான். தளம் போட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. மேல்தோல் பொடிந்து, அமர்ந்து எழுந்தவர்களின் வேட்டியிலும் சேலையிலும் வெள்ளையாய் ஒட்டியது. மழைக்காலத்தில் தரை நீரைக் குடித்துவிட்டு, வெயில் வந்த பின்னும் ஈரத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. ஈரம் நின்ற இடமெல்லாம் பாசி.

சென்ற ஐப்பசியில் சாலம்மாள் என்னும் அடியார் அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பாசி வழுக்கிவிட்டது என்று அவரே சொன்னார். பூச்சு என்ற பேச்சு எழுந்தது அதன் பிறகுதான்.

மருதவாணர் கேட்ட கேள்விக்குக் காரணம், முற்றத்தின் வடகிழக்கு மூலையில் இருந்த ஒரு கறை.

சனிக்கிழமைகளில் காலை வெயில் அந்த மூலையில்தான் முதலில் விழும். பாறையடிச் சாமிகள் அங்கே சம்மணமிட்டு அமர்வார். மருதவாணர் பின்னால் மண்டியிட்டு அவர் தலையிலும் முதுகிலும் எண்ணெய் தேய்ப்பார். இது ஆண்டுக்கணக்கில் நடந்தது. வழிந்த எண்ணெய் கான்கிரீட்டில் ஊறி ஊறி, தொடையும் முழங்காலுமாக ஒருவர் அமர்ந்த வடிவத்தில் கருத்துப் படிந்துவிட்டது. சாமிகள் மறைந்த பிறகு வந்தவர்கள் அதை அவருடைய ஆசனம் என்றார்கள். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எண்ணெய் தேய்த்த புண்ணியவான் யார் என்று விசாரித்தார்கள். அப்போது யாராவது ஒருவர் மருதவாணரைக் காட்டுவார்.

காட்டும் அந்தக் கணத்தில் அவர் வேறு பக்கம் பார்ப்பதுபோல் நிற்பார். ஆனால் பௌர்ணமி நாட்களில் அவர் அந்த மூலையை விட்டு அதிக தூரம் போனதில்லை.

பூச்சுக்கான சரக்கைத் தம் காணிக்கையாகக் கொடுக்க முன்வந்தவர், பெயிண்ட் கடை வைத்திருக்கும் நஞ்சப்பன். அவர் வருவதற்கு முன்பே அவருடைய குரல் வந்து சேர்ந்துவிடும். டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு, பூச்சு அடிப்பது ஒரு வேலையே அல்ல, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், தம் மாமனார்கூட அடித்தார் என்றார். மாமனார் மொட்டை மாடியைக் கழுவாமலேயே அடித்ததும், அது வெயிலில் அப்பளம்போல் பொரிந்து எழுந்ததும், மாமனார் இன்றுவரை மருமகன் கொடுத்த சரக்கைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதும் விரிவாக வந்தன. பண்டிகை நாட்களில் மாமனார் வீட்டில் தமக்கு வைக்கும் அப்பளத்தைத் தாம் தொடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"பூச்சு கைக்கொழந்தை மாதிரி, சாமி. கையில என்ன சிக்குதோ அதைப் புடிச்சுக்கும். தரை சிக்கினா தரையைப் புடிச்சுக்கும். தூசி சிக்கினா தூசியைத்தான் புடிச்சுக்கும். தூசி கெளம்பறப்போ அதுவும் கூடவே கெளம்பிடும்."

ஆகவே வேலை முழுவதும் பூச்சுக்கு முன்னால்தான் என்றார். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருந்தது. புரட்டாசி வெயிலுக்குள் தரையைச் சுத்தம் செய்து உலர வைத்துவிட்டால், அடிப்பது அரைநாள் வேலை.

அந்தப் பொறுப்பை அம்மையார் மருதவாணரிடம் ஒப்படைத்தார். அவர் அதைத் தலைமேல் ஏற்றுக்கொண்டு செய்தார் என்றே சொல்ல வேண்டும். பூந்தொட்டிகளை அகற்றி, அவற்றின் அடியில் வளையம் வளையமாகப் படிந்திருந்த கறையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பாசியைச் சுரண்டிக் கூடையில் அள்ளினார். விரிசல்களில் இருந்த புல்லை வேரோடு பிடுங்கி, உள்ளே இருந்த மண்ணை ஆணி முனையால் கிளறி எடுத்தார். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு தரையை நனைத்து, நீரில் கலந்த ஆசிட்டைப் பூவாளியால் தெளித்தார். தரை முழுவதும் சோறு பொங்குவதுபோல் நுரைத்தது. மேலே ஏறி உறைந்திருந்த சிமெண்டுப் பால் கரைந்து, அடியில் இருந்த மணல் முகம் காட்டியது. திரும்பத் திரும்ப நீர் விட்டு அலசினார். உள்ளங்கையை வைத்துத் தடவினால் பூனையின் நாக்குபோல் சொரசொரத்தது.

வெயிலில் குனிந்து வேலை செய்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் மனம் லேசாக இருந்தது. கைகளுக்கு வேலை இருந்து, அந்த வேலை இன்னது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிராத நாட்கள், சாமிகள் மறைந்த பின் அவருக்கு அரிதாகியிருந்தன.

வடகிழக்கு மூலையை மட்டும் அவர் தொடவில்லை. அந்தக் கறையைச் சுற்றிச் செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, சோப்புத் தண்ணீரும் ஆசிட்டும் உள்ளே போகாதபடி காத்தார். சுற்றிலும் பூச்சு பளபளக்க, நடுவே இந்த ஆசனம் மட்டும் சட்டம் போட்ட படம்போல் விளங்கும் என்று கற்பனை செய்து பார்த்தார். முன்பைவிட அழகாகவே இருக்கும் என்று தோன்றியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவது முறை. சாமிகள் மறைந்து கோடை ஒன்று கழிந்தபோது, அந்தக் கறை வெளிறத் தொடங்கியிருந்தது. முதலில் முழங்கால் மங்கியது, பிறகு தொடை. அதைக் கண்ட காலை, மருதவாணருக்குச் சாமிகள் இரண்டாம் முறை இறப்பதுபோல் இருந்தது. சமையற்கட்டுக்குப் போய், ஒரு கரண்டி நல்லெண்ணெய் எடுத்து வந்து, மங்கிய இடத்தில் விட்டு, உள்ளங்கையால் பரப்பினார். தரை வெயிலில் சூடேறி இருந்தது. அந்தச் சூடு, முதுகின் சூடுபோலவே இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும், மற்றவர்கள் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில், ஒரு கரண்டி.

வஞ்சகம் என்று அவர் அதை நினைக்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் விடுவதைப் போலத்தான் நினைத்தார். இத்தனை காலமாகியும் காயவில்லையே, என்ன அருள் என்று வந்தவர்கள் வியந்தபோது, அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தரை உலர்ந்த பிறகு நஞ்சப்பன் சோதிக்க வந்தார். முந்தைய நாள் ஒட்டச் சொல்லியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்து, அடியில் வேர்த்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். வேர்க்கவில்லை. பிறகு ஒரு செம்பில் நீர் எடுத்து, நடந்துகொண்டே அங்கங்கே கொஞ்சம் ஊற்றினார். ஊற்றிய நீரை ஊற்றிய இடத்திலேயே தரை குடித்தது. தம் மாமனாரை அழைத்துவந்து இந்தத் தரையின் முன் தோப்புக்கரணம் போட வைக்க வேண்டும் என்றார்.

செங்கல் வளையத்தின் அருகே வந்ததும் செருப்பைக் கழற்றினார். குனிந்து கறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகே உள்ளே கொஞ்சம் நீர் விட்டார். நீர் முத்து முத்தாக உருண்டு, செங்கல் ஓரத்தில் போய் நின்றது.

நஞ்சப்பனின் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. இந்த இடம் இப்படியே இருந்தால் ஆகாது என்றார். ஆசிட் எண்ணெயைத் தொடாது, அதைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்றார். எடுக்கப் போவதில்லை, சுற்றி அடித்தால் போதும் என்றார் மருதவாணர். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சுத்தி அடிக்கலாம், சாமி. ஆனா இந்த ஓரத்துல தண்ணி எறங்கும். எறங்குன தண்ணி பூச்சை அடியில இருந்து தூக்கும். பாசி வேற எங்கயும் வராது, இந்த ஓரத்துலதான் வரும். கும்புடறவங்க எல்லாரும் வந்து நிக்கிற எடம் இது. நீங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. நான் டீ குடிச்சுட்டு அப்படியே கெளம்பறேன்."

தேநீர் குடிக்காமலேயே அவர் கிளம்பிவிட்டார்.

மருதவாணர் சமையற்கட்டுக்குப் போனபோது அம்மையார் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். தவச்சாலையின் தலைமைக்கு வந்த பின்னும் அந்த வேலையை அவர் விடவில்லை. மருதவாணர் வாசலிலேயே நின்று, நஞ்சப்பன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். மறைக்கும் வழக்கம் தமக்கில்லை என்பதைக் காட்டுவதுபோல் சொன்னார். பிறகு தம் கருத்தைச் சொன்னார்.

"சாமிகளின் அடையாளத்தைத் தேய்த்து எடுக்க என் கை வராது, அம்மா. வேறு யாரையாவது செய்யச் சொன்னால், அவர்களையும் நான் விடமாட்டேன். அதற்காக என்னை இங்கிருந்து போகச் சொன்னாலும் போகிறேன்."

அரிவாள்மணை நின்றது. அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு அது கிடைக்கவில்லை.

"சாலம்மாளைப் போய்ப் பார்த்தீர்களா, ஐயா?"

அவர் பார்க்கவில்லை. விழுந்த நாளிலிருந்து பிரசாதத்தைப் பிறர் கையில் கொடுத்தனுப்பினாரே தவிர, தாம் போகவில்லை. ஏன் என்று அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

"இந்த முற்றத்தில் விழுந்தவர் அவர். அந்த இடத்தை விடலாமா, எடுக்கலாமா என்று அவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் விடச் சொன்னால் விட்டுவிடுவோம்."

மருதவாணருக்கு மனம் நிறைந்துவிட்டது. சாலம்மாள் சாமிகளின் மேல் உயிரையே வைத்திருந்தவர். என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதான். அன்று பிற்பகலே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

சாலம்மாள் ஊருக்குள் தையற்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. நாற்காலியில் காலை நீட்டி அமர்ந்து, ஒரு ரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. வந்தவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்கண்ணே. வழி தெரிஞ்சுதா? நான் செத்துட்டேன்னு யாராச்சும் சொல்லிட்டாங்களோ, துண்டெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க."

மருதவாணர் சிரிக்க முயன்றார். உடல்நலம் விசாரித்தார். எலும்பு கூடிவிட்டது என்றும், ஆனால் அந்தக் கால் மிதிக்க மறுக்கிறது என்றும் சாலம்மாள் சொன்னார். மகன் தையல் இயந்திரத்துக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்திருக்கிறான். அது நாய் துரத்துவதுபோல் ஓடுகிறது. துணியைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடு. காலால் மிதித்துத் தைத்தபோது, துணி எங்கே சுருங்கப்போகிறது என்பது பாதத்துக்கே தெரியும். இப்போது தைத்து முடித்த பிறகுதான் தெரிகிறது. இவ்வளவையும் குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகவே சொன்னார். மருதவாணரால் அந்த நீட்டிய காலைப் பார்க்க முடியவில்லை. சுவரில் தொங்கிய நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

சாலம்மாள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார்.

"அதை யாராச்சும் அழிப்பாங்களாண்ணே? விடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. எழுந்துவிடலாம் என்று மருதவாணர் துண்டைச் சரிசெய்தபோது, சாலம்மாள் கையமர்த்தினார். கடைப்பக்கம் மகன் இல்லை என்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் பாசியில விழலை. சாமி எடத்துலதான் விழுந்தேன். குனிஞ்சு தொட்டேன், கால் வழுக்கிடுச்சு. அதைச் சொன்னா, சாமியே தள்ளிவிட்டாருன்னு ஊரு பேசும். மடத்துக்குப் பேரு கெட்டுடும். அதான் பாசின்னு சொல்லிட்டேன். எம்பையன் உங்ககிட்ட வந்து சண்டை போடறேன்னு நின்னான், நான்தான் வாயை அடைச்சேன்."

மருதவாணர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடிமேல் வைத்தார்.

"ஆனா ஒண்ணுண்ணே. விழுந்து கெடக்கறப்ப கையைப் பார்த்தேன். கையெல்லாம் எண்ணெய். சனிக்கெழமை வேற. அப்பத்தான் ஊத்துன மாதிரி அப்படி ஒரு வாசம். எத்தனை வருஷம் ஆச்சு சாமி போயி! வலி உசுரு போவுது, ஆனா மனசுக்குள்ள ஒரே சந்தோஷம். சாமி இன்னும் வந்து உக்காந்துட்டுத்தான் இருக்காரு. ஆஸ்பத்திரியில கையைக் கழுவவே விடலை நான், தெரியுமா?"

அவர் கண்கள் ஈரமாக இருந்தன. ரவிக்கையை எடுத்து அடுத்த ஊக்கைத் தைக்கத் தொடங்கினார். காப்பி போடச் சொல்லட்டுமா என்று கேட்டார். மருதவாணர் வேண்டாம் என்று தலையசைத்தார். விடைபெறும்போது அந்தக் கால் அருகே குனிந்தார். தொடப்போகிறார் என்று பதறி, அதெல்லாம் வேண்டாமண்ணே, நான் என்ன சாமியா என்று சாலம்மாள் பாதத்தை இழுக்கப் பார்த்தார். கால் நகரவில்லை.

தவச்சாலைக்குத் திரும்பியவர் அம்மையாரிடம் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. மற்றவர்கள் குளிக்கப் போன பின், சமையற்கட்டுப் பக்கம் போகவேண்டிய நேரத்தில், அவர் வெறுங்கையோடு முற்றத்தின் மூலையில் அமர்ந்திருந்தார். செங்கல் வளையத்துக்குள் கறை, வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அம்மையார் வந்து எதிரே தரையில் அமர்ந்தார்.

"சாலம்மாள் என்ன சொன்னார், ஐயா?"

"விடச் சொன்னார்."

"அப்படியானால் விட்டுவிடலாம். நஞ்சப்பனை வரச் சொல்கிறேன்."

அம்மையார் எழவில்லை. மருதவாணர் செங்கல் ஒன்றைத் தூக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"அவர் பாசியில் விழவில்லை, அம்மா. இங்கே விழுந்திருக்கிறார். அன்று சனிக்கிழமை. அன்று காலை நான்…"

அம்மையார் அந்தச் செங்கல்லை நேராக்கி வைத்தார்.

"கரண்டி தெரியும், ஐயா. துடைத்துத்தான் வைப்பீர்கள். சமைக்கிறவளுக்கு அது எந்த ஆணியில் மாட்டியிருந்தது என்பது மறக்காது."

மருதவாணரின் முகம் சிவந்தது. தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த அம்மாளின் கால் பிழைத்திருக்குமே என்றார்.

"பிழைத்திருக்கும். நேற்று வந்தவள் சாமிகளின் அடையாளத்தை அழிக்கிறாள் என்று பேசுவார்கள். அதற்குப் பயந்து இருந்துவிட்டேன். எண்ணெய் ஊற்றியவர் நீங்கள், பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இன்று பிற்பகல் இரண்டு பேரும் அவரிடம் போவோம். அவர் மகனும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவோம்."

"அந்த எண்ணெயை நம்பித்தான் அவர் வலியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார், அம்மா. கையைக் கழுவாமல் வைத்திருந்தாராம்."

"ஆமாம். அந்த நம்பிக்கை உடைந்து அவர் சொல்வதையும் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்."

தியானக் கூடத்தின் ஓட்டில் புறாக்கள் இறங்கின. மருதவாணர் கறையின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது சூடாக இருந்தது. எப்போதும்போல் இருந்தது.

"போய்ச் சொல்கிறேன், அம்மா. அவர் எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைத் தேய்த்து எடுத்துவிட்டால், சாமிகளுக்கு நான் செய்ததில் எனக்கு என்ன மிச்சம்? உங்களுக்கு அவர் தம் இடத்தையே கொடுத்தார். எனக்கு இதுதான் இருக்கிறது."

சாமிகள் மறைந்த நாளிலிருந்து அவர் சொல்லாமல் வைத்திருந்தது அது. சொல்லிவிட்டதை எண்ணி அவரே திகைத்துப்போனார். அம்மையார் அதைக் குற்றமாகவும் எடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து முடித்ததும் என்ன செய்வீர்கள், ஐயா?"

"கொஞ்சம் ஊறவிடுவேன்."

"எவ்வளவு நேரம்?"

"வெயில் கூடத்தின் படிக்கு வரும் வரை. அதற்கு மேல் ஒரு நிமிடம் விடமாட்டேன். அவருக்கு இளைப்பு உண்டு. அதிகம் ஊறினால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும்."

"பிறகு?"

"சீயக்காய் தேய்ப்பேன். வெந்நீர் வார்ப்பேன். காதுமடலின் பின்னால்கூட எண்ணெய் நிற்கவிடமாட்டேன். போதும், தோல் உரிகிறது என்பார்."

"ஒரு நாளாவது எண்ணெயோடு அப்படியே விட்டதுண்டா?"

"என்ன கேள்வி, அம்மா! ஒரு நாளும் இல்லை."

அம்மையார் எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் குழைத்த சீயக்காய்க் கிண்ணமும், மறு கையில் தேங்காய் நாரும் இருந்தன. இரண்டையும் செங்கல்லின் மேல் வைத்தார்.

"இத்தனை காலமாக அவரை எண்ணெயோடு உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள், ஐயா. வெந்நீர் காய்ந்துவிட்டது."